தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு

மே 16, வெள்ளி

கேஸ் தீர்ந்துவிட்டது. முப்பத்தொரு நாள்தான் வந்திருக்கிறது, போன தடவை முப்பத்தெட்டு. சிலிண்டர் போடுகிறவர் எடையில் கை வைக்கிறார். அடுத்த முறை தராசோடு வாசலில் நிற்கப் போகிறேன். இவரிடம் சொன்னேன். "ஏனம்மிணி, நீ சந்தேகப்படாத ஒரே ஆளு நீதான்" என்று சிரிக்கிறார். கல்யாணமாகி இருபது வருஷமாக இதே ஜோக்.

ஆபீசில் ஒரே ரகளை. புதன்கிழமை நெடுவலசு ஹேச்சரியில் பத்தொன்பதாயிரம் முட்டை வெந்துவிட்டது. பதினெட்டு நாள் அடைகாத்த முட்டைகள். இன்னும் மூன்று நாளில் குஞ்சு வந்திருக்கும். ஏழாம் நம்பர் மிசினில் குளிர்நீர்க் குழாயின் வால்வு பத்தே முக்காலுக்கு அடைத்துக்கொண்டது. மூன்று மணிக்கு அடுத்த ஷிப்ட்காரர் வந்து கதவைத் தொட்டாராம், சுட்டதாம். உள்ளே 106 டிகிரி. இருக்க வேண்டியது 99.6.

அதுவரைக்கும் டியூட்டியில் இருந்தவர் நாச்சிமுத்து, பத்தொன்பது வருஷ சர்வீஸ். மணிக்கொரு தரம் வெப்பநிலையை ரெஜிஸ்டரில் எழுத வேண்டியது அவர் வேலை. எழுதியிருக்கிறார். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, நாலு தடவையும் 99.6! மிசினில் இருக்கிற சென்சார் அதே நேரங்களில் இங்கே பல்லடத்து சர்வருக்கு அனுப்பியது 100.4, 102, 103.7, 105. ஆள் எங்கேயோ படுத்துத் தூங்கிவிட்டு மொத்தமாக எழுதி வைத்திருக்கிறார். கேட்டால், "சுவத்து டிவியில 99.6-தான் காட்டுச்சு" என்கிறாராம். யார் காதில் பூ சுற்றுகிறார்? அந்த டிவியில் ஓடும் பக்கத்தைக் கட்டியதே நான். சென்சார் சொல்வதை அப்படியே காட்டும் நேரலைப் பக்கம் அது. மூலையில் நிமிஷம் தவறாமல் மாறும் கடிகாரம்கூட வைத்திருக்கிறேன். லண்டன் நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டிப் போட்டு அதை ஓடவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். 28-ம் தேதி விசாரணை. வேலை போவது உறுதி என்கிறார்கள். "திரை சரியாத்தான் இருந்துச்சா மேடம்?" என்று எட்வின் சார் கேட்டார். அவர் எங்கள் ஐ.டி. தலைவர். "நூறு சதவீதம் சார்" என்றேன். அதை அப்படியே விசாரணைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

போகிற போக்கில் இன்னொரு மூட்டையையும் என் தலையில் இறக்கினார். கம்பெனி முழுக்க ரிப்போர்ட்டுகளுக்கு அடியில் இருக்கிற டேட்டா மாடல்கள் 146. ஒவ்வொன்றும் எந்தச் சேமிப்பு முறையில் இருக்கிறது என்று 27-க்குள் பட்டியல் வேண்டுமாம். புதிய சாஃப்ட்வேர் திட்டத்துக்கு மாறப் போகிறார்களாம். ஆகட்டும், பார்க்கலாம்.

மே 17, சனி

அரை நாள்தான் ஆபீஸ். பட்டியலைத் தொடங்கினேன்.

சேமிப்பு முறை இரண்டு, இவருக்குப் புரியவைத்தது போலவே இங்கும் எழுதி வைக்கிறேன். இம்போர்ட் என்றால் போட்டோ. குறித்த நேரத்தில் சர்வரிலிருந்து டேட்டாவை நகலெடுத்து வைத்துக்கொள்ளும், அடுத்த நகல் வரும்வரை அதையேதான் காட்டும். வேகமாகத் திறக்கும். ஆனால் ஒரு நாளைக்கு எட்டு நகல்தான் நம் லைசென்சுக்கு. டைரக்ட் என்றால் கண்ணாடி. பார்க்கிற ஒவ்வொரு முறையும் சர்வரிடமே போய்க் கேட்கும். மெதுவாக வரும், ஆனால் அந்த நிமிஷத்து நிலவரம். சில மாடல்களில் ஒரு டேபிள் போட்டோ, ஒரு டேபிள் கண்ணாடி. அதைக் கலவை என்கிறோம்.

எட்வின் சார் ஆறு கட்டம் போட்டுக் கொடுத்தார். ஏழாவதாக ஒரு கட்டம் நானே சேர்த்தேன்: 'முறையை மாற்றியவர் யார்'. அவர் முகம் கொஞ்சம் சுளித்தது. "அது எதுக்கு மேடம்?" "பின்னே, யாரோ செஞ்சதுக்கெல்லாம் நாம பதில் சொல்லணுமா சார்?" என்றேன்.

அந்தக் கட்டம் யாருக்காக என்று இங்கே எழுதலாம். தீர்த்தகிரிக்காக. எங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்கிற தருமபுரிக்காரர். சர்வருக்கு வேலை குறையட்டும் என்று டைரக்டில் இருப்பதையெல்லாம் சத்தமில்லாமல் இம்போர்ட்டுக்குத் தள்ளிவிடுவார் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். இந்தத் தடவை கையும் களவுமாகப் பிடித்துவிடுவேன்.

இன்று முடித்தது 23. என்னுடைய வெப்பநிலை மாடல் 87-வது வரிசையில் வருகிறது. அதற்கு இப்போதே 'டைரக்ட்' என்று போட்டுவிட்டேன். நான் கட்டியதை நானே திறந்து பார்க்க வேண்டுமா என்ன?

மே 19, திங்கள்

கேன்டீன் மெனு டைரக்டில் இருக்கிறது! காலையில் உப்புமாவா பொங்கலா என்று நொடிக்கு நொடி சர்வரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது. தீவன லாரி எங்கே இருக்கிறது என்று காட்டுகிற பக்கம் இம்போர்ட். லாரி வந்து இறக்கிவிட்டுப் போன பிறகும் வழியில் இருப்பதாகக் காட்டும். யார் புத்தியோ, தெரியவில்லை.

தீர்த்தகிரியின் மேஜைப் பக்கம் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் லேப்டாப்பைப் பட்டென்று மூடினார். மூன்றாவது தடவை, "என்ன தீர்த்தகிரி, ரகசியமா?" என்றேன். "ஒண்ணுமில்லேங்க்கா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒன்றுமில்லாதவர் எதற்கு மூடுகிறார்?

மே 20, செவ்வாய்

61 முடிந்தது. தண்ணீர் லாரி வரவில்லை. பக்கத்து வீட்டுக்கு மட்டும் வந்ததாம்.

மே 21, புதன்

விசாரணைக்கு ரெஜிஸ்டர் நகல் வேண்டும், டிவியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள் என்று எட்வின் சார் நெடுவலசுக்கு அனுப்பினார். அக்கினி வெயில். காருக்குள் ஏ.சி. இருந்தும் வேலை செய்யவில்லை, டிரைவர் டீசலை மிச்சம் பிடிக்கிறார் என்று நினைக்கிறேன்.

வாசலில் கால் கழுவி, மருந்து தெளித்து, அவர்கள் கொடுத்த செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். வரிசையாகப் பன்னிரண்டு மிசின், ஒவ்வொன்றும் ஒரு அறை அளவு. எல்லாம் பழசு, எச்சரிக்கை மணி கிடையாது. அதனால்தான் சென்சார் வைத்துத் திரையில் காட்டுகிறோம். கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. அதற்குப் பின்னால் பாதரச வெப்பமானி தொங்கும். ஒரு எட்டு வைத்துக் குனிந்தால் தெரியும்.

ஏழாம் நம்பர் மிசினின் ஜன்னலில் காலண்டர் தாள் ஒட்டியிருந்தது! முருகர் படம், நாலு மூலைக்கும் பிளாஸ்திரி. எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. பக்கத்து மிசின்களைப் பார்த்தேன். ஆறிலும் தாள், எட்டிலும் தாள். அந்த ஷிப்டில் அவர் பார்க்கிற நான்கு மிசினிலும். தடயத்தை மறைத்திருக்கிறார் என்று போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

நாச்சிமுத்துவும் வந்திருந்தார், லாக்கர் சாவியை ஒப்படைக்க. ஐம்பத்திரண்டு வயசு, ஒல்லி. சட்டைப் பையில் மடித்து வைத்த காகிதம் துருத்திக்கொண்டிருந்தது.

"இதை ஒட்டினது யாரு?" என்றேன்.

"நானுங்க மேடம்."

மறுப்பார் என்று நினைத்திருந்தேன். "எதுக்கு? உள்ள வேகறது வெளிய தெரியக் கூடாதுன்னா?"

"ஏனுங் மேடம் அப்படிச் சொல்றீங்க? உள்ளாற தெர்மாமீட்டரப் பாத்தா கை தன்னால அதையே எழுதிப் போடுதுங்க. உள்ளாற இருக்கறது 99.9-ங்கும், டிவியில 99.6-ங்கும். நான் 99.9-ன்னு எழுதுனா வித்தியாசம்னு மெமோ வருதுங்க. மூணு மெமோ வாங்கிட்டனுங்க. நாலாவது வந்தா சம்பள உயர்வு இல்லைன்னுட்டாங்க. ஜனவரி மொத வாரத்துல சர்க்குலரும் வந்துச்சுங்க, டிவியில இருக்கறதத்தான் எழுதோணும்னு. அதான் கண்ணுலயே படக் கூடாதுன்னு ஒட்டிப் போட்டனுங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மூன்று மெமோ. கீழே 'வித்தியாச அறிக்கையின்படி' என்று அச்சடித்திருந்தது.

அந்த வித்தியாச அறிக்கை என்னுடையது. ரெஜிஸ்டரில் எழுதியதையும் திரையில் இருந்ததையும் வைத்துப் பார்த்து, ஒத்துவராததைத் தானாக மெயிலில் அனுப்பும். வாரத்துக்கு நாற்பது வித்தியாசம் வந்துகொண்டிருந்தது. திரையைப் பார்த்தே எழுதச் சொல்லலாமே என்று யோசனை சொன்னதும் நான்தான். அதிலிருந்து ஒன்பது ஹேச்சரியிலும் வித்தியாசம் பூஜ்யம். பூஜ்யம்! எட்வின் சார் அதற்காக என் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார்.

"டிவியில 99.6-ன்னு இருந்துச்சுன்னு சத்தியமாச் சொல்றனுங்க" என்றார் கிளம்பும்போது. பொய் சொல்கிறவர்கள்தான் சத்தியம் செய்வார்கள் என்று நினைத்தேன். காரில் வரும்போது, பொய் சொல்கிறவர் தாளை ஒட்டியது நான்தான் என்று ஏன் முதல் கேள்வியிலேயே ஒத்துக்கொண்டார் என்றும் நினைத்தேன்.

மே 22, வியாழன்

மற்ற எட்டு ஹேச்சரி ரெஜிஸ்டரையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னேன். நாச்சிமுத்து ஒருத்தர்தான் தூங்குமூஞ்சியா, எல்லாருமா என்று பார்க்கத்தான்.

எல்லாருமே! ஒன்பது ஹேச்சரி, இருபத்தேழு ஆபரேட்டர். பதினொரு மணியிலிருந்து நான்கு மணிவரை ஒரே எண். 99.5 என்றால் ஆறு தடவையும் 99.5. மறுநாள் 99.7 என்றால் ஆறு தடவையும் 99.7. மாலை ஐந்து மணிக்குத்தான் எண் மாறுகிறது. அடேயப்பா, இது பெரிய கூட்டணி போலிருக்கிறதே, எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு மத்தியானம் தூங்குகிறார்கள் என்று ஒரு அரை மணி நேரம் உண்மையாகவே நம்பினேன். திருப்பூர்ப் பக்கம் இருக்கிறவரும் சேலத்துப் பக்கம் இருக்கிறவரும் எப்படிப் பேசி வைத்துக்கொள்வார்கள்? ஒரே நாளில் எப்படித் தொடங்கியிருப்பார்கள்? ஜனவரி பத்தாம் தேதியிலிருந்துதான் இப்படி. ஒன்பதாம் தேதிவரை மத்தியானத்திலும் எண்கள் ஏறி இறங்குகின்றன.

87-வது வரிசையைத் திறந்தேன்.

மாடல் டைரக்ட்தான். ஹேச்சரி டேபிள் டைரக்ட், மிசின் டேபிள் டைரக்ட். வெப்பநிலை டேபிள் மட்டும் இம்போர்ட். நகலெடுக்கிற நேரம் காலையில் நான்கு, மாலையில் நான்கு. காலையில் கடைசி பத்தரை. அடுத்தது மாலை நாலரை. இடையில் ஆறு மணி நேரம் டிவியில் பத்தரை மணிப் போட்டோதான் நின்றிருக்கிறது. கடிகாரம் மட்டும் என் புண்ணியத்தில் சரியாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நாச்சிமுத்து பார்த்தது 99.6-தான்.

யாரோ என் மாடலில் கை வைத்திருக்கிறார்கள். டைரக்டில் இருப்பதை இம்போர்ட்டுக்கு மாற்றினால் சாஃப்ட்வேரே ஒரு பெட்டியைக் காட்டும்: 'இதைச் செய்தால் பிறகு திரும்ப மாற்ற முடியாது, சம்மதமா?' அதைப் படித்துவிட்டுச் சரி என்று அழுத்துகிற கைக்கு எவ்வளவு துணிச்சல் இருக்க வேண்டும்! கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை. தீர்த்தகிரி இன்று மத்தியானம் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார். தலைவலியாம்.

மே 23, வெள்ளி

லாக் எடுத்தேன், யார் எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு. மாற்றிய நாள் ஜனவரி 9. நேரம் மாலை 4.12. ஐ.டி.: ரிப்போர்ட் அட்மின்.

கிழிஞ்சது. அது பொது ஐ.டி. லைசென்சை மிச்சம் பிடிக்க ஐந்து பேர் ஒரே பாஸ்வேர்டில் உள்ளே போகிறோம். எட்வின் சார், தீர்த்தகிரி, நான், வேலையை விட்டுப் போன இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் போன வருஷம் தீபாவளிக்கு முன்பே போய்விட்டார்கள். எட்வின் சாருக்கு மாடலை எப்படித் திறப்பது என்றே தெரியாது.

நேரே தீர்த்தகிரியிடம் போனேன். சுற்றி வளைக்கவில்லை. "ஜனவரி ஒன்பது சாயங்காலம் வெப்பநிலை மாடலை மாத்தினீங்களா?"

அவர் லேப்டாப்பை மூடவில்லை இந்தத் தடவை. "ஜனவரி ஒன்பது நான் லீவுங்க்கா. ஊர்ல எம் பொண்ணுக்குக் காது குத்து. நீங்ககூட போன்ல வாழ்த்து சொன்னீங்க."

"அப்ப யாரு?"

அவர் கேட்டார், "நீங்க தெனமும் டைரி எழுதறவங்கதானேக்கா?"

என்ன திமிர்! நான் கேட்டது அவரை. என் டைரி எங்கே வந்தது இதில்? விறுவிறு என்று திரும்பி வந்துவிட்டேன். லீவு எடுத்தால் வீட்டிலிருந்து உள்ளே போக முடியாதா? முடியும். எச்.ஆரில் அவர் லீவைச் சரிபார்க்க வேண்டும்.

மே 24, சனி

மொட்டை மாடியில் வத்தல் போட்டேன். மூன்று படி அரிசி. காக்காய் விரட்டவே நேரம் சரியாகிவிட்டது. சிலிண்டர் வந்தது. தராசு வைத்துப் பார்த்தேன். எடை சரியாக இருக்கிறது. தராசுதான் தப்பாக இருக்க வேண்டும்.

ஜனவரிப் பக்கத்தைப் பார்க்க நேரமில்லை.

மே 25, ஞாயிறு

எச்.ஆரிலிருந்து நேற்றே பதில் வந்திருக்கிறது. தீர்த்தகிரி லீவுதான். அன்று முழுக்க அவருடைய சொந்த ஐ.டி. எங்கிருந்தும் உள்ளே நுழையவில்லை; அது இல்லாமல் வெளியிலிருந்து பொது ஐ.டி.க்கும் போக முடியாது.

இது அதே டைரிதான். கட்டைவிரலால் நூற்று முப்பது பக்கத்தைத் தள்ளினால் ஜனவரி 9. காலையிலிருந்து எடுத்து எடுத்து வைக்கிறேன். துணி மடித்தேன். பிரிட்ஜைத் துடைத்தேன். இவர் வந்து, "என்னமோ பாம்பு இருக்கற மாதிரி அந்த நோட்டையே பாத்துட்டிருக்கியே" என்றார். "ஒண்ணுமில்லைங்க" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, தீர்த்தகிரியும் இதைத்தான் சொன்னார்.

மத்தியானம் மூன்று மணிக்குப் புரட்டினேன். உள்ளதை உள்ளபடி இங்கே பார்த்து எழுதுகிறேன்:

'ஜனவரி 9, வியாழன். சேர்மன் வருகை. மூன்றரைக்கு ஒத்திகை பார்த்தால் வெப்பநிலைப் பக்கம் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. நாலரைக்கு அவர் வந்து உட்கார வேண்டும். எட்வின் சார், எப்படியாவது ஓடவிடுங்க மேடம் என்று கையைப் பிசைகிறார். ஒரு சின்ன வேலை செய்தேன், பறந்தது! நடுவில் ஏதோ பெட்டி வந்து என்னமோ கேட்டது, சரி என்று தட்டிவிட்டேன், படிக்க ஏது நேரம். சேர்மன் சபாஷ் என்றார். ஆபீஸ் முழுக்க ஜிலேபி. பொங்கல் முடிந்து வந்ததும் பழையபடி மாற்றிவிட வேண்டும், மறக்கக் கூடாது.'

மறந்துவிட்டேன். நினைவு வந்திருந்தாலும் மாற்றியிருக்க முடியாது.

இருபத்தேழு பேரிடம் என் திரையை மட்டும் பார் என்றேன். திரையைப் போட்டோவாக்கிவிட்டேன். பிறகு அவர்கள் எழுதியதும் என் திரையும் ஒத்துப்போகிறது என்று கைதட்டல் வாங்கினேன். சை.

மே 26, திங்கள்

எட்வின் சாரிடம் பட்டியலைக் கொடுத்தேன், ஏழாவது கட்டம் 87-ல் மட்டும் காலியாக. ஜனவரி 9 என்று பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மேடம், இது பொது ஐ.டி. யாருன்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. 'தொழில்நுட்பக் காரணம்'னு போட்டுடுங்க. இல்லேன்னா அந்தக் கட்டத்தையே எடுத்துடுங்க, நான் குடுத்தது ஆறுதானே?"

"அப்ப நாச்சிமுத்து என்ன ஆவாரு சார்?"

"கலவைன்னு நாலாவது கட்டத்துல இருக்கே. விசாரணைக்காரங்க கேட்டா பாத்துக்கலாம்."

கேட்க மாட்டார்கள். கலவை என்றால் தீவனக் கலவை என்று நினைத்துக்கொள்வார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சரி சார்" என்றேன். ஆமாம், சரி என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து ரசத்துக்குப் புளி கரைக்கும்போது இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். எனக்கும் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். இதுவரை ஒரு மெமோ கிடையாது. பொது ஐ.டி. என்பது உண்மைதானே. நிரூபிக்க முடியாது என்பதும் உண்மைதானே. இந்த டைரி ஒன்றுதான் சாட்சி, அதுவும் அடுப்பங்கரையில்தான் இருக்கிறது, அடுப்புக்குப் பக்கத்தில்.

இதை எழுதினேன் என்பதே எனக்குப் பயமாக இருக்கிறது.

மே 27, செவ்வாய்

தீர்த்தகிரி டீ வாங்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். வாயைத் திறக்குமுன் நானே கேட்டேன், "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"முட்டை வெந்த மறுநாளேக்கா. சர்வர்ல மத்தியானம் வெப்பநிலைக்கு ஒரு கேள்விகூட வரலை. அப்பவே லாக்கைப் பாத்துட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. நீங்க பக்கத்துல வரும்போதெல்லாம் அதுதான் திறந்திருந்துச்சு."

"ஏன் பேசாம இருந்தீங்க? ஒருத்தர் வேலை போகுதே?"

"நீங்களே பட்டியல் எடுக்கறீங்க, ஏழாவது கட்டம் போட்டதும் நீங்க. நீங்களே எழுதுவீங்கன்னு இருந்தேன். இல்லேன்னா நாளைக்குக் காலையில நான் போய்ச் சொல்றதா இருந்தேங்க்கா." லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். லாக் அச்செடுக்கத் தயாராக இருந்தது.

பத்து நாளாகத் தீர்த்தகிரியைத் திருடன் என்று எழுதிக்கொண்டிருந்தேன். "மன்னிச்சுக்குங்க தீர்த்தகிரி" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. டீ ஆறிவிட்டது என்று இன்னொன்று வாங்கி வரப் போனார்.

மே 28, புதன்

விசாரணை பதினொரு மணிக்கு, மாடியில் மீட்டிங் ஹாலில். நாச்சிமுத்து வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் மூன்று மெமோ. எட்வின் சார் என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணை அதிகாரி எச்.ஆரில் பெரியவர், எதையும் மெதுவாகப் படிக்கிறவர். நான் பட்டியலை நீட்டி, 87-வது வரிசையைப் பார்க்கச் சொன்னேன். போட்டோ, கண்ணாடி என்று வீட்டில் இவருக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். ஒன்பது ஹேச்சரி ரெஜிஸ்டரையும் விரித்து வைத்தேன். எல்லாரும் பார்த்து எழுதியிருக்கிறார்கள், பார்க்கக் கொடுத்ததுதான் பழசு என்றேன். சர்க்குலரையும் வித்தியாச அறிக்கையையும் பற்றிச் சொன்னேன்.

அவர் விரலை வைத்து ஏழாவது கட்டம்வரை வந்தார். "மங்கையர்க்கரசி. இது யாரு மேடம்?"

"நான்தான் சார்."

எட்வின் சார் போனைக் கவிழ்த்து வைத்தார். "அது பொது ஐ.டி. சார், யாருன்னு..." என்று தொடங்கினார்.

"ஐ.டி. பொதுதான் சார், அழுத்தினது நான். அன்னிக்குத் தேதியில நான் எழுதி வெச்சிருக்கேன்" என்று டைரியைத் திறந்து வைத்தேன். ஜிலேபிவரைக்கும் அவர் படித்தார்.

நாச்சிமுத்து நன்றி சொல்வார் என்று ஏதோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. அவர் சொல்லவில்லை. ரொம்ப நேரம் மெமோக் கவரைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, "பதினாலு நாளுங்க மேடம்" என்றார். "குடிச்சுப் போட்டுப் படுத்திருந்தீங்களான்னு எம் ஊட்டுக்காரி கேக்கறா. நான் தொடறதே இல்லைங்க. அவகூட என்னைய நம்பலீங்க. கடைசியில டிவி அப்படித்தான் காட்டுச்சான்னு எனக்கே சந்தேகமாப் போச்சுங்க."

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. அவர் முன்னால் அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தும் அழுதேன்.

ஜூன் 2, திங்கள்

நாச்சிமுத்துவுக்கு சஸ்பென்ஷன் ரத்து. பழைய மூன்று மெமோவும் வாபஸ். எனக்குக் குற்றப்பத்திரிகை வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். ஏழு நாளில் பதில் கொடுக்க வேண்டும். பட்டியல் வேலை தீர்த்தகிரிக்குப் போய்விட்டது. என் 146-ஐயும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறார். "நான் பாத்ததையும் பாப்பீங்களா?" என்றேன். "நீங்க பாத்ததைத்தான் மொதல்லங்க்கா" என்றார். சிரித்துவிட்டோம்.

திரும்ப மாற்ற முடியாததால் வெப்பநிலை மாடலை அடியிலிருந்து புதிதாகக் கட்டுகிறேன். கடிகாரத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் 'கடைசியாகச் சென்சார் பேசிய நேரம்' என்று வைத்திருக்கிறேன். புதியது தயாராகும்வரை பழைய திரைதான் ஓடும், அதை நம்பாதீர்கள் என்று ஒன்பது ஹேச்சரிக்கும் எழுதியிருக்கிறேன். வித்தியாச அறிக்கையை நிறுத்திவிட்டேன்.

ஜூன் 4, புதன்

சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்த விஷயம் தெரிந்துவிட்டது. ஏப்ரல் முழுக்க முறுக்கு சுட்டுச் சுட்டு ஆபீசுக்கெல்லாம் கொண்டு போனது நான்தானாம். இவர் சொல்கிறார். மறுக்கவில்லை.

பதினொரு மணிக்கு நெடுவலசிலிருந்து போன். நாச்சிமுத்து முதல் நாள் டியூட்டி.

"மேடம், முருகர் படத்தை உரிச்சுப் போட்டனுங்க. ஏழாம் நம்பர்ல உள்ளாற 99.9 நிக்குதுங்க. டிவியில 99.6. எதை எழுதட்டுங்க?"

"உள்ள இருக்கறதை எழுதுங்க."

மறுமுனையில் பேனா மூடியைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"மெமோ வருமுங்களா மேடம்?"

"வந்தா எனக்கு வரும். எழுதுங்க."

அவர் உடனே வைக்கவில்லை. எழுதி முடித்துவிட்டு, கண்ணாடியில் குனிந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்து சொன்னார். "99.9-தானுங்க. ரெண்டு தடவை பாத்துட்டனுங்க."

நான் சந்தேகப்படவில்லை. பன்னிரண்டு மணிக்கு, அடுத்த எண்ணை எழுதுமுன், மறுபடியும் கூப்பிட்டார்.